மழவராயர் முகத்தில் ஏறிய நீலம்

முன்னொரு காலத்தில் கீரந்தை நாட்டைச் சூரமாணிக்கன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான், பாவம்! ஆனால் கடைசியாகக் காதில் ஓதியவர் பேச்சுத்தான் அவனுக்கு வேதவாக்கு.

ஒரு சமயம் ஊரில் கண்வலி பரவியது. அரண்மனையிலும் பாதிப் பேர் கண் கோவைப்பழம்! சபையில் ராஜாவின் செல்லப்பிள்ளையாக இருந்த பிரபு மழவராயர் குதித்தார்.

"எல்லாம் சாயக்காரர் தெருவால் வந்த வினை, அரசே! நாளைப் பொழுது சாய்வதற்குள் அத்தனை பேரையும் எல்லைக்கு வெளியே துரத்துங்கள்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

அமைச்சர் அம்பலவர் சட்டென்று எழுந்தார். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அந்த ஜனங்கள் எங்கே போவார்கள்?

"நோய் எப்படிப் பரவுகிறது என்று காலையில் சபையிலேயே காட்டுகிறேன், அரசே. காட்டாவிட்டால் அவர்களோடு நானும் மூட்டை கட்டுகிறேன்" என்றார். மழவராயருக்கு வாயெல்லாம் பல்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் ராஜாவின் கையை முதலில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது மழவராயரின் தனி உரிமை. பிறகு அவர் இருவருக்குக் கை கொடுப்பார். அவர்களும் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆளுக்கு இருவருக்கு. இப்படியே ராஜ கடாட்சம் கடைசி வரிசை வரை போகும்.

அவுரிச் சாயம் தொட்டியில் மஞ்சளாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டால்தான் நீலமாகும். மறுநாள் காலை அமைச்சர் அதைச் சந்தனத்தில் குழைத்து, வரவேற்புச் சந்தனம் என்று சொல்லி வாசலிலேயே மழவராயர் உள்ளங்கையில் தாராளமாக அப்பிவிட்டார். சபை கூடியது, கைகள் தொட்டன, கண்கள் ஒற்றின. கொஞ்ச நேரம்தான்! மழவராயர் முகம் நீலம். பக்கத்திலிருந்தவர்கள் நீலம். கடைசி வரிசைக் காவலாளி வரை நீலம். தொட்ட கையால் தடவிக்கொண்டதில் ராஜாவின் மீசையும் நீலம்!

"ஐயோ, என்னய்யா இது?" என்று அலறினான் ராஜா.

"கண்வலிக்குக் கால் கிடையாது, அரசே. நாம்தான் சுமந்து போகிறோம். ஒருவர் இருவருக்குக் கொடுத்தால் ஊரே நிறைந்துவிடும். இரண்டு பேர் சேர்ந்தும் ஒருவருக்குமேல் கொடுக்க முடியாமல் செய்துவிட்டால் தானே வற்றிவிடும்."

"சாயமும் நோயும் ஒன்றா?" என்று சீறினார் மழவராயர்.

"சோதித்துவிடலாமே! அமாவாசை வரை யாரும் யாரையும் தொடவேண்டாம், தள்ளி நின்று கும்பிடுவோம். கண்வலிக்காரர்கள் வீட்டிலேயே இருக்கட்டும். நோய் குறையாவிட்டால் என்னையும் துரத்துங்கள்."

ராஜா ஒப்புக்கொண்டான். அமாவாசைக்குள் ஊரில் சிவந்த கண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. சாயக்காரர் தெருவில் அன்று ஒரே கொட்டுமேளம்! அமைச்சரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

மழவராயர் முகத்து நீலமும் ராஜாவின் மீசை நீலமும் மட்டும் தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை. ராஜா அவரை அழைத்தான்.

"உம் முதலிடத்தை நான் பறிக்கமாட்டேன், மழவராயரே. இனி எல்லாருக்கும் முதலில் நீரே கும்பிடலாம், அதோ, அந்த வாசற்படிக்கு வெளியே நின்று! சாயக்காரர்கள் உமக்கொரு நீலத் தலைப்பாகை அனுப்பியிருக்கிறார்கள். முகத்துக்குப் பொருத்தமாக இருக்குமாம்."

சபை சிரித்த சிரிப்பில் தூணில் இருந்த புறாவெல்லாம் பறந்தது. ராஜாவும் நீல மீசையைத் தடவிக்கொண்டு சேர்ந்து சிரித்தான்.