சுடலைமுத்துவின் விரல்களை அளந்த கேமரா

ஞானதிரவியத்தின் கேமரா பொல்லாதது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தட்டிக்கொள்வதைப் படம் பிடித்தால் போதும், நடுக்குவாதம் எந்த மட்டில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் எண் போட்டுவிடும். ஒருநாள் குறுக்கே பறந்த கொசுவுக்கு, நோய் முற்றிவிட்டது என்று அறிக்கை கொடுத்ததாம். நம்பாதவர்கள் கொசுவிடம் கேட்டுக்கொள்ளலாம்.

தலை நரைத்த பிறகு இன்ஜினியர் வேலையை உதறிவிட்டு, தன்னைவிட வயதில் சின்னவரான நரம்பு டாக்டர் நஸ்ரீனிடம் சீடராகச் சேர்ந்தவர் ஞானதிரவியம்.

அன்று பரோட்டா மாஸ்டர் சுடலைமுத்துவுக்குக் கம்ப்யூட்டர் போட்ட எண் ஒன்று. அதாவது, லேசு. லேசு என்றால் மூளையில் அறுவைசிகிச்சை கிடையாது. மூன்று மணிக்கு டாக்டர்கள் கூடி முடிவெடுப்பார்கள்.

வீட்டில் இவருக்குச் சோறே நான்தான் ஊட்டுகிறேன் என்று மாஸ்டரின் மனைவி அழுதாள். ஞானதிரவியத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது மேடம். அந்தம்மா கூட்டிச் சொல்றாங்களோ?"

நஸ்ரீன் மாஸ்டருக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, சும்மா உட்கார்ந்திருங்கள் என்றார் ஞானதிரவியத்திடம்.

சும்மா இருப்பது லேசுப்பட்ட காரியமா? காலை ஆட்டினார். கடிகாரம் பார்த்தார். துடைத்த லென்ஸையே மறுபடி துடைத்தார். கேமரா மட்டும் அவர் பக்கம் திரும்பியிருந்தால் அவரைத்தான் அறுவைக்கு அனுப்பியிருக்கும்.

மதியம் திரும்பியது. மாஸ்டரின் கை மெல்ல ஆடத் தொடங்கியது. தொடைக்கு அடியில் ஒளித்தார். தொடையும் சேர்ந்து ஆடியது.

"படம் முடிஞ்சிட்டா சார்?"

"எப்பவோ முடிஞ்சுது. காலையில இந்த ஆட்டம் இல்லையே?"

"வீடியோ எடுக்கணும், தயாரா வாங்கன்னு நீங்கதான சார் போன்ல சொன்னிய. அதான் இவளுக்குத் தெரியாம நடுக்க மாத்திரைய ரெட்டிப்பா முழுங்கி, தலைக்கு மையும் அடிச்சிட்டு வந்தேன்."

மாத்திரை போடாமல் வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அது ஞானதிரவியத்துக்கு இப்போதுதான் உறைத்தது. எழுந்து நஸ்ரீனிடம் போனார்.

"அப்போ, என் கம்ப்யூட்டர் எதைத்தான் அளந்தது மேடம்?"

"உங்க முன்னால நல்லா இருக்கணும்னு அவர் எவ்வளவு பாடுபட்டாரோ, அதை இம்மி பிசகாம அளந்திருக்கு. இன்னும் மூணு ஆகலை. போய் நோயை அளங்க."