லூமா தெரிந்த ஆள் தேவை

"மூணே மூணு வேலைதாங்க டீச்சர் இருக்குது" என்றார் சென்னியப்பன்.

சிந்துஜா தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இந்தியா பூரா சேர்த்து மூணுங்க. போன மாசம் ஏழு இருந்துச்சு. லூமா படிச்சு நான் கெட்டேன்."

லூமா என்பது இணையதளம் கட்டும் மொழிகளில் ஒன்று. அழகான மொழி, ஆனால் பொடி மொழி. அதை எழுதுகிறவர்களை உலகம் முழுக்கத் திரட்டிக் கல்யாணத்துக்கு அழைத்தால் நாலு பந்தியில் சாப்பாடு முடிந்துவிடும்.

சென்னியப்பனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் சிந்துஜா. குருவுக்கு வயது இருபத்தொன்பது, சீடருக்கு நாற்பத்து நாலு. இதில் இரண்டு பேருக்குமே கூச்சம் கிடையாது. கோவை கணபதியில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் குருவின் அலுவலகம். சனிக்கிழமை காலை சீடர் வருவார், சந்தேகம் கேட்பார், பன் தின்பார், போவார்.

இந்தச் சனிக்கிழமை பன்னைத் தொடவில்லை.

"என்னங்கண்ணா ஆச்சு?"

அவர் கம்பெனியில் லூமா பிரிவை மூடுகிறார்கள். கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஊரே எழுதுகிற பெரிய மொழிக்கு அவர் மாற வேண்டும். புனேவுக்குப் போய், நேற்று காலேஜ் முடித்தவர்களோடு உட்கார்ந்து, முதல் பாடத்திலிருந்து படிக்க வேண்டும். சம்மதம் என்றால் திங்கட்கிழமை கையெழுத்து. இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

"அந்த மொழி பிடிக்குதுங்களா?"

"எழுத உட்கார்ந்தாத் தூக்கம் வருதுங்க."

"லூமா?"

"அது எழுதறப்ப எனக்குப் பசியே தெரியாதுங்க" என்றார். சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் கடிதம் ஞாபகம் வந்தது.

"பிடிச்சு என்னங்க பண்றது? அதுக்குப் பதினாலாயிரம் வேலை இருக்குது. இதுக்கு மூணு. லூமாவுக்கு எதிர்காலம் இருக்குதா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லிப்போடுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிர்றேன்."

அந்த ஒரு வார்த்தையை குரு சொல்லவில்லை. எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, தன் நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க."

"அது உங்க சேருங்க."

"இன்னைக்கு உங்களுது. எனக்கு லூமா தெரிஞ்ச ஆள் ஒண்ணு வேணும். பம்ப்செட் கம்பெனிக்காரங்க ஆர்டர் எடுக்கறதுக்கு சைட் கேட்டிருக்காங்க. ஒத்தை ஆளா என்னால முடியல. நாலு மாசமாத் தேடறேன். நீங்க பிடிச்சுக் குடுங்க."

"நான் என் கவலையைச் சொல்லிட்டிருக்கேனுங்க."

"மத்தியானத்துக்குள்ள வேணுங்கண்ணா."

சென்னியப்பனுக்குக் கோபம்தான். ஆனாலும் ஒரு வேலையைக் கையில் கொடுத்தால் முடிக்காமல் எழுந்திருக்கத் தெரியாத மனுஷன். உட்கார்ந்தார்.

தினமும் அவர் வேலை தேடுகிற அதே தளம்தான். ஆனால் சிந்துஜா வேலை கொடுப்பவராகப் பதிந்து வைத்திருந்தார். அந்தக் கணக்கில் நுழைந்தால் வேலைகள் வராது, ஆட்கள் வருவார்கள். ஆளின் பெயரோ நம்பரோ தெரியாது. அனுபவத்தையும் விருப்பத்தையும் தளமே சுருக்கி நாலு வரியில் காட்டும். பட்டனை அழுத்தினால் தளமே போன் போட்டுக் கொடுக்கும்.

லூமா என்று அடித்தார். தமிழ்நாடு என்று குறித்தார்.

ஒன்பது பேர் வந்தார்கள்.

"கீழ இன்னும் இருக்கோணுமே" என்று திரையை உருட்டினார். கீழே ஒன்றும் இல்லை.

"ஒம்பது பேர்தானுங்களா?"

"அதுலதான் எனக்கு ஒருத்தர் வேணும்" என்றார் குரு.

சென்னியப்பன் ஹெட்போனை மாட்டினார். முதல் ஆள் போன வாரம்தான் வேறு இடத்தில் சேர்ந்திருந்தார். இரண்டாவது ஆள் ஜெர்மனிக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆள் பல்லடம் பக்கம் ஆட்டுப் பண்ணை வைத்துவிட்டார்.

"திரும்பி வந்துருங்க தம்பி, நல்ல வேலைங்க" என்று கெஞ்சினார் சென்னியப்பன்.

"ஆடு எதுவும் ஞாயித்துக்கிழமை போன் பண்ணி சைட் படுத்துருச்சுன்னு சொல்றதில்லைங்கண்ணா" என்று வைத்துவிட்டார் அவர்.

நாலாவது ஆளிடம் ஏற்கெனவே இரண்டு இடம் கைவசம் இருந்தது. அடுத்த வாரம் கூப்பிடுங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஐந்தாவது ஆள் எடுக்கவேயில்லை. ஆறாவது ஒரு அம்மா. முழுசாகக் கேட்டுக்கொண்டு, "எங்க ஆபீசுலயே ரெண்டு பேர் கிடைக்காம உட்கார்ந்திருக்கோம். உங்களுக்கு லூமா தெரியுமாங்க?" என்று திருப்பிக் கேட்டார்.

"நான் ஆள் எடுக்கற பக்கமுங்க" என்று கெத்தாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

குரு வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏழும் எட்டும் அதே கதைதான். பதினோரு மணிக்கு சென்னியப்பனின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"என்னங்க டீச்சர், ஒவ்வொருத்தனும் மாப்பிள்ளை வீட்டுக்காரனாட்டப் பேசறான். கையில கால்ல விழுந்தாலும் ஒருத்தன் சிக்க மாட்டேங்கறான்."

"இன்னொருத்தர் பாக்கி."

ஒன்பதாவது ஆளைத் திறந்தார். படித்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"டீச்சர், இதைக் கேளுங்க. கொங்கு மண்டலத்து ஆளு. வேற மொழிகள்ல பதினாலு வருஷம், அதுக்கு மேல லூமாவுல ஆறு வருஷம். எட்டு சைட் பண்ணியிருக்கான். அதுல அஞ்சு தனியாளா. நடுவுல விட்டுட்டுப் போனது ஒண்ணுகூட இல்லைங்க."

"பரவாயில்லைங்களா?"

"பரவாயில்லையாவா? தங்கமுங்க." கீழே ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி, என்ன டிக் பண்ணி வச்சிருக்கான் பாருங்க. எந்த மொழி, எந்த ஊர், எந்தப் பதவியானாலும் சம்மதமாம். இத்தனையும் கையில வச்சுக்கிட்டு இப்படிக் குனிஞ்சு நிக்கலாமுங்களா? இவனுக்கு எடுத்துச் சொல்ல வீட்டுல ஆளே இல்லை போலிருக்குது."

"எடுத்துக்கலாங்களா?"

"கண்ணை மூடிட்டு எடுங்க. ஆனா இன்னைக்கே பேசிருங்க. திங்கட்கிழமைன்னா வேற எவனாவது கொத்திட்டுப் போயிருவான், அப்புறம் நாமதான் உட்கார்ந்து அழுகோணும்."

"நீங்களே பேசுங்கண்ணா. ஆள் பிடிக்கிறது உங்க வேலை."

பட்டனை அழுத்தினார். ஹெட்போனில் மணி போனது.

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். தெரியாத நம்பர்.

"முக்கியமான வேலையில இருக்கறப்பத்தான் லோன் வேணுமான்னு கூப்பிடுவானுக" என்று முணுமுணுத்து அதைக் கட் பண்ணினார்.

ஹெட்போனில் மணி நின்றது. மறுமுனையில் அழைப்பைத் துண்டித்துவிட்டார்கள் என்று திரை காட்டியது.

"பாத்தீங்களா டீச்சர்? எவ்வளவு நல்ல ஆளுன்னு சொல்லிட்டிருக்கேன், கட் பண்றானுங்க."

"மறுபடி போடுங்க" என்றார் குரு. சிரிப்பை அடக்கியதில் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுபடி அழுத்தினார். கையிலிருந்த போன் அதிர்ந்தது.

கட் பண்ணப் போன கட்டைவிரல் அப்படியே நின்றது. போனைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். எட்டு சைட், அதில் ஐந்து தனியாளாக. விரல்விட்டு எண்ணினார். சரியாக இருந்தது.

"எடுங்கண்ணா" என்றார் சிந்துஜா. "ரொம்ப நேரம் அடிக்க விட்டா ஆளு கோவிச்சுக்குவார்."

சென்னியப்பனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிறு குலுங்க, நாற்காலி கிறீச்சிட, கீழே பேக்கரிக்காரர் அண்ணாந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். சிரிப்போடு போனை எடுத்து, ஹெட்போன் இல்லாத காதில் வைத்துக்கொண்டார்.

"ஹலோ, லூமா வேலை ஒண்ணு இருக்குதுங்க" என்றார் சென்னியப்பன்.

"எப்ப வரட்டுங்க?" என்றார் சென்னியப்பன்.