முதுகு காட்டாத இரண்டு அரசர்கள்

ஏழு கடலுக்கும் அந்தப் பக்கம், மழை கீழிருந்து மேலே போகும் என்பார்களே, அந்தத் தேசத்தில் ஓர் அரசன் இருந்தான். பேர் ஓரிமாறன். நன்றாக உட்கார்ந்து கேளுங்கள். சிரிப்புக் கதை போலத்தான் ஆரம்பிக்கும். அதை நம்பி ஏமாந்துவிடாதீர்கள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ஆண்பிள்ளை யாருக்கும் முதுகைக் காட்டக் கூடாது. சபையை விட்டுப் போகிறவன் பின்பக்கமாகவே நடந்து போவான். விருந்து சாப்பிட்டவன் பின்பக்கமாகவே நடந்து படி இறங்குவான். சந்தையில் பேரம் முடித்தவன் பின்பக்கமாகவே நடந்து மாட்டின் மேல் போய் மோதுவான். எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்வானே தவிர, திரும்ப மாட்டான். பெண்டாட்டிக்கு மட்டும் இந்த மரியாதை கிடையாது. அவளுக்கு எப்போது வேண்டுமானாலும் முதுகைக் காட்டலாம்.

போரில் முதுகு காட்டியவனுக்கோ தண்டனை பெரிது. அவன் வீட்டுத் தலைவாசலைக் கல் வைத்து அடைத்துவிடுவார்கள். பேரன் காலம் வரைக்கும் அந்தக் குடும்பம் கொல்லைப்புறமாகத்தான் போக வர வேண்டும். ஊரே பார்த்துச் சிரிக்கும்.

பக்கத்து நாட்டு அரசன் பேர் கடுமான். அங்கேயும் இதே வழக்கம்தான். இரண்டு நாட்டுக்கும் நடுவே நெருஞ்சிக் களம் என்று ஒரு பொட்டல் கிடந்தது. நெருஞ்சி முள்ளைத் தவிர ஒன்றும் முளைக்காத மண். தாத்தாக்கள் அதற்காக அடித்துக்கொண்டார்கள். அப்பன்கள் அதற்காக அடித்துக்கொண்டார்கள். இவர்களும் அடித்துக்கொண்டார்கள். இந்த மண்ணை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்று ஒருத்தனாவது கேட்டிருப்பான் என்கிறீர்களா? அதுதான் இல்லை.

இந்தத் தடவை சண்டை மிச்சம் வைக்காமல் முடிந்தது. காலையில் களம் புகுந்த இரண்டு சேனையும் மதியத்துக்குள் படுத்துவிட்டன. நின்றது இரண்டு அரசர்கள் மட்டும்தான். ஓரிமாறனின் காலடியில் அவனுடைய ஒரே மகன் இளவேட்டன் கிடந்தான். அப்போதுதான் மீசை அரும்பிய பிள்ளை. செய்தி கேட்டு அரசி அல்லியங்கோதை தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். மகன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அழக்கூட அவளுக்கு வரவில்லை.

அப்போது தரை பிளந்தது. அந்த மண்ணுக்குள் குடியிருக்கிற தெய்வம் களத்தாள் எழுந்து வந்தாள். உடம்பெல்லாம் புழுதி.

"உங்கள் இரத்தத்தைக் குடித்துக் குடித்து எனக்கு வயிறு குமட்டுகிறது," என்றாள். "உங்கள் இரண்டு பேரில் எவன் முதலில் மற்றவனுக்கு முதுகைக் காட்டுகிறானோ, அவன் ஆட்கள் எல்லாரும் எழுந்து அவனோடு வீட்டுக்குப் போவார்கள். மற்றவன் ஆட்கள் எனக்குள்ளேயே கிடப்பார்கள். பொழுது சாய்வதற்குள் செய்யுங்கள்."

அவ்வளவுதான். நெருப்பில் இறங்கச் சொன்னாளா? மலையைப் பெயர்க்கச் சொன்னாளா? திரும்பச் சொன்னாள், அவ்வளவுதான்.

ஓரிமாறன் மகனைப் பார்த்தான். கடுமானைப் பார்த்தான். கடுமானின் தம்பிமார்களும் அந்தப் பக்கம் செத்துத்தான் கிடந்தார்கள். ஆனாலும் அவன் இமைக்காமல் இவனையே முறைத்துக்கொண்டிருந்தான்.

ஓரிமாறன் முதலில் பழகிய புத்தியைக் காட்டினான். கடுமானைப் பார்த்தபடியே பின்பக்கமாக எல்லைக்கல் வரைக்கும் நடந்தான். ஒரு பிணமும் அசையவில்லை.

"நான் கேட்டது முதுகை," என்றாள் களத்தாள்.

திரும்பி வந்து, கேடயத்தை எடுத்து முதுகில் கட்டிக்கொண்டு திரும்பினான். ஒரு பிணமும் அசையவில்லை.

"நான் கேட்டது கேடயத்தை இல்லை," என்றாள் களத்தாள்.

அவன் நின்றபடியே கேடயத்தின் வாரை அவிழ்த்தான். ஒரு முடிச்சு தளர்ந்தது. கேடயம் கொஞ்சம் சரிந்தது. இளவேட்டனின் இமை துடித்தது.

"கண் அசைகிறது," என்றாள் கோதை. "கழற்றிவிடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், கழற்றிவிடுங்கள்."

அந்த நேரம் பார்த்துக் கடுமானுக்குத் தொண்டையில் புழுதி சிக்கியது. இருமினான். சிரிக்கிறான் என்று நினைத்து ஓரிமாறன் சட்டென்று அவன் பக்கம் திரும்பிக்கொண்டான். பிள்ளையின் இமை அடங்கிவிட்டது.

கோதை அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஒவ்வொரு சண்டைக்கும் நீங்கள் புறப்பட்டுப் போகும்போது நான் வாசலில் நின்று பார்த்தது உங்கள் முதுகைத்தான். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அதைத்தான் பார்க்கிறேன். எனக்குக் காட்டியதை அவனுக்கு ஒரே ஒரு தரம் காட்டினால் என்ன?"

"உனக்குப் புரியாது, கோதை," என்றான்.

"பிள்ளை செத்துக் கிடக்கிறது. இதில் புரிய என்ன இருக்கிறது?"

வயிறு எரிகிறது எனக்கு. ஆனால் அவன் இன்னும் வழி தேடிக்கொண்டிருந்தான். கடுமானைக் கூப்பிட்டுப் பேரம் பேசினான், கேட்டீர்களா?

"கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்," என்றான்.

"நீ மூடு," என்றான் கடுமான்.

"நீ முதலில் மூடு."

"நான் மூடினதும் நீ திரும்பிவிடுவாய். என் தம்பிமார்கள் கதி?"

"அப்படியென்றால் நீயே திரும்பேன்."

"என் வீட்டு வாசலை அடைத்துவிடுவார்கள்."

"என் வீட்டு வாசல் மட்டும் திறந்திருக்குமா?"

சின்னப் பிள்ளைகள் கோலிக்குண்டுக்குச் சண்டை போடுகிற மாதிரி இரண்டு பேரும் கத்திக்கொண்டே நின்றார்கள். கோதை கணவன் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். பொழுது இறங்கிக்கொண்டே போனது. பிறகு இறங்கிவிட்டது.

களத்தாள் மண்ணைத் திறந்தாள். இரண்டு சேனையையும், இளவேட்டனையும், கடுமானின் தம்பிமார்களையும் உள்ளே வாங்கிக்கொண்டு மூடிக்கொண்டாள். கோதையின் மடியில் புழுதிதான் மிஞ்சியது. அவள் அதை உதறவில்லை. எழுந்து, யாரையும் பார்க்காமல், தன் அம்மா வீட்டுத் திசையில் நடந்து போனாள்.

இரண்டு அரசர்களும் வெகுநேரம் நேருக்கு நேர் நின்றார்கள். காப்பாற்ற இனி ஒன்றும் இல்லை. கடைசியில் கால் வலித்தது. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை, கால்தான் வலித்தது. ஓரிமாறன் திரும்பி வீட்டைப் பார்க்க நடந்தான். சுலபமாகத்தான் இருந்தது. கடுமான் சிரிப்பான் என்று காதைத் தீட்டிக்கொண்டு போனான். சிரிப்புச் சத்தம் வரவில்லை. எப்படி வரும்? அதே நேரத்தில் கடுமானும் திரும்பித் தன் வீட்டைப் பார்க்க நடந்துகொண்டிருந்தான். ஒருவன் முதுகை இன்னொருவன் பார்க்கவே இல்லை. வாசலை அடைக்கக் கல் தூக்கவும் இரண்டு ஊரிலும் ஓர் ஆண்பிள்ளை இல்லை.

பெரியவர்களே, சிறியவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: நாலு பேர் சிரிப்பார்களே என்று பயந்து தன்னை நம்பி வந்தவர்களின் உயிரைப் பலி கொடுக்கிறவனுக்கு, கடைசியில் சிரிக்கக்கூட யாரும் மிஞ்ச மாட்டார்கள்.