முப்பிடாதி பால் காய்ச்சின கதை

ஒரு ஊர்ல ஒரு பஸ் ஸ்டாண்டு இருந்துச்சாம். ராசாவும் கெடையாது, ராணியும் கெடையாது, பஸ் ஸ்டாண்டுதான். என்ன சிரிக்க? ம் கொட்டு. ம் கொட்டலன்னா நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன்.

ம். அப்படி வா வழிக்கு.

அந்த பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்துல முப்பிடாதின்னு ஒருத்தி குடியிருந்தா. பூ கட்டி விக்கிறவ. அவளுக்கு செல்லக்கனின்னு ஒரே மக. மருமகன் பேரு பலவேசம், மார்க்கெட்டுல மூட்டை தூக்குவான். மூணு பேரும் நல்லா உழைச்சு நாணயமாப் பொழைக்கிறவங்கதான். ஆனா வாடகைக்கு வீடு கேட்டுப் போனா, "இப்போ எங்க இருக்கிய?"ன்னு கேப்பாவ. பஸ் ஸ்டாண்டுன்னு சொன்ன உடனே டமார்னு கதவச் சாத்திருவாவ. வீடு இல்லாதவங்களுக்குத்தானே வீடு வேணும்? அது அந்தப் புத்திசாலிகளுக்கு வெளங்காது. இந்த மாதிரி பாலத்துக்கு அடியில, கடை வாசல்ல, மதிலோரத்துலன்னு இன்னும் கொஞ்சம் குடும்பம் அந்த ஊர்ல கெடந்துச்சு.

அப்போ செல்லக்கனி மாசமா இருந்தா. ஏழு மாசம். ஐப்பசி மழை வேற வரப்போவுது. முப்பிடாதி டீக்கடை கொம்பையாகிட்ட பொலம்புனா. "அண்ணாச்சி, நான்தான் இந்தத் தரையில கெடந்து வளந்துட்டேன். பச்சப்பிள்ளைய மழையில எங்க கொண்டு போட்டு வளப்பேன்?"னு கேட்டா.

கொம்பையாவுக்கு வாயா அது, லவுட் ஸ்பீக்கரு. மத்தியானத்துக்குள்ள ஊரு பூராவும் தெரிஞ்சு போச்சு. அய்யோ பாவம்னு ஊரே கூடிட்டு. நல்ல ஊருதான். மனசு முன்னால ஓடி வரும், புத்தி பின்னால நொண்டிக்கிட்டு வரும்.

முதல்ல என்ன செஞ்சாவ தெரியுமா? போர்வை குடுத்தாவ. ஆளாளுக்குப் போர்வை. ஜவுளிக்கடைக்காரர் குடுத்தாரு, வக்கீல் குடுத்தாரு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க குடுத்துச்சு. குடுக்கும்போதெல்லாம் போட்டோ, பளிச் பளிச்சுன்னு. முப்பிடாதி பக்கத்துல போர்வை மலை மாதிரி குமிஞ்சு போச்சு. அப்புறம் ஒரு மழை பெஞ்சுது பாரு, சடசடசடன்னு. போர்வை எல்லாம் நனைஞ்சு ஒவ்வொண்ணும் ஒரு எருமை கனம். பிழிஞ்சு காயப்போட ஒரு கொடி கட்ட செவுரு வேணுமே? செவுரு இருந்தா அவளுக்குப் போர்வை எதுக்கு?

அப்புறம் ஊரு ரெண்டாவது தடவை கூடுச்சு. இந்தத் தடவை சும்மா கெடந்த கல்யாண மண்டபத்தத் தொறந்து விட்டாவ. எல்லாக் குடும்பமும் போச்சு. ஃபேன் ஓடுது, குழாயில தண்ணி வருது. ஆனா ஆம்பளைங்க மேல, பொம்பளைங்க கீழ. மாசமா இருக்க பொண்டாட்டிய விட்டுட்டு பலவேசம் மாடியில முழிச்சுக்கிட்டுக் கெடந்தான். சரி, அதையாவது சகிச்சுக்கலாம்னு பாத்தா, ஒரு நாள் காலையில பீப்பீப்பீ டும்டும்டும்! என்னன்னு பாத்தா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து நிக்காவ. மறுநாள் முகூர்த்தமாம்! கல்யாண மண்டபத்துல கல்யாணம் நடக்கும்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல பாரேன். நல்லவேளை, பந்தியில உக்கார வச்சு பாயசத்தோட சாப்பாடு போட்டுத்தான் அனுப்புனாவ. திரும்பவும் பிளாட்பாரம்.

தூங்கிட்டியா? ம். இல்லயா, சரி.

மூணாவது தடவை எஸ்தர் டீச்சர் எந்திரிச்சாவ. கண்டிப்பான டீச்சர், அவிய எந்திரிச்சா ஊரே கைகட்டி நிக்கும். "எலி வளையானாலும் தனி வளை வேணும். கூட்டமா அடைச்சு வைக்கிறது வீடாகாது"ன்னு சொன்னாவ. மார்க்கெட்டுக்குப் பின்னால பழைய உப்புக் கிடங்கு ஒண்ணு வருஷக்கணக்காப் பூட்டிக் கெடந்துச்சு. கெடங்குக்காரர் சாவியக் குடுத்தாரு. மைதீன் கொத்தனார் வந்து, உப்பு அரிச்ச பூச்சை எல்லாம் கொட்டுகொட்டுன்னு கொத்தி எறக்குனாரு. அப்புறம் ஊர் கூடித் தேர் இழுத்த கதைதான். ஒருத்தர் செங்கல், ஒருத்தர் கதவு, ஒருத்தர் வயரிங். காலேஜ் பிள்ளைங்க மணல் சொமந்துச்சு. பலவேசமும் பாலத்தடி ஆளுங்களும் வேலை முடிஞ்சு வந்து சித்தாள் வேலை பாத்தாவ. நடுவுல செவுரு வச்சு, ஒரு குடும்பத்துக்கு ஒரு ரூம்பு, ஒரு அடுப்படி, ஒரு கதவுன்னு வரிசையா வீடு எழும்பிருச்சு.

அப்புறம் தெறப்பு விழா. வாழை மரம், மைக்கு, ரிப்பன். வியாபாரிகள் சங்கத் தலைவர் சம்சாரம் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வந்து, முப்பிடாதிக்குன்னு ஒதுக்குன முதல் வீட்டு அடுப்புல பெரிய குண்டான வச்சுப் பால் காய்ச்சுனாவ. பொஸ்ஸுன்னு பொங்குச்சு. எல்லாரும் கை தட்டுனாவ. முப்பிடாதிக்கும் ஒரு தம்ளர் பால் குடுத்தாவ. அவ வாசல்ல நின்னு குடிச்சா. சேலைத் தலைப்புல வாயத் தொடச்சா. "நல்லாருந்துச்சு, வாரோம்"னுட்டு மகளக் கூட்டிக்கிட்டுக் கெளம்பிட்டா. அவ பின்னால எல்லாக் குடும்பமும் கெளம்பிருச்சு.

ஊரே வாயப் பொளந்துட்டு நிக்கு. தலைவருக்கு வந்துச்சு பாரு கோவம். "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காளே"ன்னு குதிக்காரு. வானம் வேற கருகருன்னு இருட்டிக்கிட்டு வருது. நெறமாசமாயிட்ட செல்லக்கனி இடுப்பப் பிடிச்சுக்கிட்டு நடக்கா.

எஸ்தர் டீச்சர் ஓட்டமா ஓடிப்போய் முப்பிடாதிய மறிச்சாவ. "ஏம்மா, வீட்டுல என்ன கொறை?"ன்னு கேட்டாவ.

முப்பிடாதிக்குக் கோவமே இல்ல. "கொறை ஒண்ணும் இல்ல டீச்சர். லட்சணமான வீடு. பால் காய்ச்சுனவியளுக்கு நல்லா வெளங்கட்டும். விருந்துக்குக் கூப்புட்டிய, வந்தோம், குடிச்சோம்"னா.

டீச்சருக்கு அப்பத்தான் உறைச்சுது. எந்தச் சாமியக் கும்புட்டாலும் அந்த ஊர்ல வீட்டுக்குச் சொந்தக்காரிதான் பால் காய்ச்சணும். டீச்சர் வீட்டுலயும் அப்படித்தான், மைதீன் வீட்டுலயும் அப்படித்தான். ஊரான் வந்து பொங்கவிட்டுட்டு இது உன் வீடுன்னு சொன்னா யாரு நம்புவா? ஒவ்வொரு செங்கலையும் பாத்துப் பாத்து வச்சவங்களுக்கு இது ஒண்ணு தோணல பாரு.

டீச்சர் அவங்களையும் கூட்டிக்கிட்டுத் திரும்பி வந்து, "எல்லாரும் வெளிய வாங்க"ன்னு ஒரு அதட்டல். தலைவர், சம்சாரம், மைக்குக்காரன் எல்லாரும் வெளிய. குண்டானும் வெளிய. கொம்பையா அடுப்பக் கழுவி விட்டாரு. சாவி முப்பிடாதி கைக்குப் போச்சு. அவ கொம்பையா கடையில பால் வாங்கிக்கிட்டு, மகளோட கதவத் தொறந்து உள்ள போயி, சாத்திக்கிட்டா. ஊரே வாசல்ல நிக்கு. மழை பொட்டு பொட்டுன்னு விழ ஆரம்பிச்சுது. அப்பவும் ஒருத்தர் நகரல.

உள்ள அடுப்பு பத்துற சத்தம். அப்புறம் ஒண்ணும் இல்ல. அப்புறம் பொஸ்ஸ்ஸ்! கூடவே செல்லக்கனி கொலவை போடுதா, உலுலுலுலுன்னு.

கதவு தொறந்துச்சு. முப்பிடாதி நெலைய ஒரு கையால பிடிச்சுக்கிட்டு நின்னா. கண்ணுல தண்ணி முட்டுது. அவ ஆயுசுல யாருகிட்டயும் சொல்லாத ஒரு வார்த்தையச் சொன்னா.

"உள்ள வாங்க."

தலைவரும் சம்சாரமும் நனைஞ்ச பட்டோட குனிஞ்சு உள்ள போனாவ. இந்தத் தடவை அவிய விருந்தாளி. தலைவர் ரெண்டு தம்ளர் வாங்கிக் குடிச்சாருன்னா பாத்துக்கோயேன். அடுத்த வீட்டுல பொஸ்ஸு, அதுக்கு அடுத்த வீட்டுல பொஸ்ஸு, அந்தத் தெருவே பால் மணக்குது. சாயங்காலத்துக்குள்ள அந்தப் பட்டணத்துப் பிளாட்பாரத்துல படுக்க ஆளே இல்ல.

அப்புறம் செல்லக்கனி ஆஸ்பத்திரிக்குப் போனா, பெத்தா. பொட்டப்பிள்ளை, ஙா ஙான்னு கத்துது. பிள்ளையத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு மூணு பேரும் ஒரு ஆட்டோவுல ஏறுனாவ. ஆட்டோக்காரர், "எங்க போகணும்?"னாரு.

"வீட்டுக்கு"ன்னா முப்பிடாதி.

"யார் வீட்டுக்கும்மா?"

"எங்க வீட்டுக்கு."

"சரிம்மா, உங்க வீடு எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"னு ஆட்டோக்காரர் கேக்காரு. அவளுக்குச் சிரிப்பு வந்துட்டு. பதில் சொல்ல முடியாம சிரிக்கா, மகளும் சிரிக்கா, பலவேசமும் சிரிக்கான். ஆட்டோக்காரர் பாவம், டர்டர்னு வண்டிய உறும விட்டுக்கிட்டு அவங்க சிரிச்சு முடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு நின்னாரு.

அம்புட்டுதான். அவங்க வீடு போய்ச் சேந்துட்டாவ, கதையும் சேந்துட்டு. நீயும் கண்ண மூடி உறக்கத்துக்குப் போய்ச் சேரு.