ஆண்டவர் அறையில் நெல்

ஏரிக்கரைக்குக் கீழே ஒரு நெல்வயல். அந்த வயலின் பெரிய வரப்பில் எலிகள் வளை தோண்டி வாழ்ந்தன. வயலுக்கு அந்தப் பக்கம் மாதா கோயில். அதனால் அவை தங்களைக் கோயில் எலிகள் என்று சொல்லிக்கொண்டன. “நாங்கள் வெறும் வயல் எலிகள் இல்லை!” என்று சாரைப் பாம்பிடம்கூடச் சொல்லிப் பார்த்தன. பாம்புக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

கோயில் எலிகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வளையிலும் நாலு அறை தோண்டுவார்கள். படுக்க ஒன்று, குட்டி போட ஒன்று, நெல் சேர்க்க ஒன்று. நாலாவது அறை எல்லாவற்றுக்கும் மேலே, வரப்பின் முதுகுக்கு இரண்டு விரற்கடை கீழே இருக்கும். அதில் நெல் வைக்கக் கூடாது. வைக்கோல் போடக் கூடாது. குட்டிகள் படுக்கவும் கூடாது. அது ஆண்டவர் அறை.

கோயிலில் மாலை மணி அடித்ததும் குடும்பம் முழுவதும் மேலே ஏறி அங்கே உட்கார வேண்டும். மணி ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். ஆண்டவரிடம் எதையும் கேட்கக் கூடாது. எதையும் கொறிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஏன் என்று யாரும் சொல்லித் தரவில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

அந்த வரப்பில் சலேத்து என்று ஒரு தாய் எலி இருந்தாள். அவள் கணவன் பெயர் சவரி. போன கோடையில் அவர்களுக்கு ஆறு குட்டிகள். வயலில் ஒரு மணி நெல் இல்லாத அந்தக் கோடையில் இரண்டு குட்டிகள் பசியால் செத்துப்போயின. மிச்சம் நாலு. அன்றிலிருந்து சலேத்துக்குப் பயம். குட்டி தும்மினால் பயம். தும்மாமல் தூங்கினாலும் பயம், பக்கத்தில் போய் மூச்சு வருகிறதா என்று மூக்கை வைத்துப் பார்ப்பாள்.

அந்த வருஷம் விளைச்சல் அமோகம். நெல் அறை நிரம்பிவிட்டது. வயலில் இன்னும் கதிர் கிடந்தது. சலேத்து மேலே அண்ணாந்து பார்த்தாள்.

“ஏங்க, அந்த மேல் அறை சும்மாதானே கிடக்குது?”

“அது ஆண்டவர் அறைடி!” என்றான் சவரி.

“ஆண்டவர் என்ன, காலை நீட்டிப் படுக்கவா போறார்? ஒரு மூலையில் நாலு கதிர் வைத்தால் அவருக்கு இடிக்குமா?”

சவரி மீசையைத் தடவினான். அறுவடை நாளில் இருபது தடவை வயலுக்கும் வளைக்கும் ஓடியவன். சாயங்காலம் மேலே ஏறுவதே அவனுக்குப் பாரமாக இருந்தது.

“ஒரு மூலைதானே! வைத்துக்கொள்!” என்றான்.

முதல் வாரம் ஒரு மூலை நிறைந்தது. அடுத்த வாரம் ஒரு சுவர் நிறைந்தது. பிறகு உள்ளே உட்கார இடமில்லை, வாசலில் உட்கார்ந்தார்கள். வாசலில் உட்கார்ந்தால் முதுகு வலித்தது, கீழேயே உட்கார்ந்து, சும்மா இருப்பதற்குப் பதிலாகச் செபம் சொன்னார்கள். செபம் சொல்லும்போது வாய்க்குத்தானே வேலை, கை சும்மா இருக்கிறதே என்று சலேத்து நெல் உரித்தாள். அவளைப் பார்த்துக் குட்டிகளும் உரித்தன.

“உழைப்பே செபம்!” என்றான் சவரி, வாய் நிறைய அரிசியோடு.

நாலு குட்டிகளில் கடைசி அமலி. விரல் பருமன்தான் இருப்பாள். மேல் அறையில் நெல் குவியலுக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சந்து மிச்சமிருந்தது. அதில் அவள் ஒருத்தி மட்டும் நுழைய முடியும். ஒரு நாள் மணி அடித்து வெகுநேரம் கழித்து உடம்பெல்லாம் நெல்தூசியோடு இறங்கி வந்தாள்.

“எங்கேடி போனே?” என்று சலேத்து பாய்ந்தாள். பயந்துவிட்டாள், அதனால் கத்தினாள்.

“ஆண்டவர் அறைக்கு, அம்மா.”

“அங்கே உனக்கு என்ன வேலை?”

“சும்மா உட்காரப் போனேன். உட்கார்ந்தால் தலை இடிக்குது, படுத்துக்கிட்டேன். அம்மா, எனக்கே உட்கார இடமில்லையே! ஆண்டவர் எங்கே உட்காருவார்?”

அண்ணன்மார் மூவரும் சிரித்தார்கள். சலேத்து சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலில் பிள்ளைகள் ஞானோபதேசப் பாடத்தைக் கூட்டமாகக் கத்துவார்கள். அதை வளைக்குள் இருந்தே கேட்டு மனப்பாடம் செய்தவள் அவள். கேள்வியும் பதிலும் நாக்கு நுனியில் இருந்தன.

“ஆண்டவர் எங்கே இருக்கிறார்? எங்கும் இருக்கிறார்! வானத்திலும் பூமியிலும் எவ்விடத்திலும் இருக்கிறார்! எங்கும் இருக்கிறவருக்கு நம்ம வளையில் தனியாக ஒரு அறை எதுக்குடி?”

அமலி கொஞ்சம் யோசித்தாள். “எங்கும் இருக்கிறவருக்கு இங்கே மட்டும் ஏன் அம்மா இடம் கொடுக்கலை?”

“வாயை மூடு! இவ்வளவு நெல்லும் யாருக்காக? நானா தின்னப் போறேன்? உனக்காகத்தான்! நீ உயிரோடு இருக்கணும்னுதான்!”

அமலி மேலே ஒட்டியிருந்த நெல்தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

பக்கத்து வளையில் ரோசலி இருந்தாள். அவள் கணவனை ஆந்தை கொண்டுபோய்விட்டது. இரண்டு குட்டிகள். ஒற்றை ஆளாக அவளால் எவ்வளவு இழுத்துவர முடியும்? நெல் அறையே பாதிதான் நிறைந்திருந்தது. ஆனாலும் மேல் அறையைத் தினமும் வாலால் பெருக்கிக் காலியாகவே வைத்திருந்தாள்.

வரப்பின் மேல் ஒரு நாள் சலேத்து அவளைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏண்டி ரோசலி, மேல் அறை இன்னும் காலியாகவா கிடக்குது?”

“காலிதான், அக்கா.”

“பிள்ளைகளைப் பாரு! எலும்பும் தோலுமா இருக்குதுங்க! தினமும் சாயங்காலம் அங்கே சும்மா குந்திக்கிட்டு இருக்கிற நேரத்துக்கு நாலு கதிர் இழுக்கலாமே! சும்மா உட்கார்ந்தால் நெல் வருமா?”

“வராது, அக்கா.”

“ஆண்டவரா வருகிறார்? பார்த்தியா?”

“பார்க்கலை. வந்தால் உட்கார இடம் இருக்கு. அவ்வளவுதான், அக்கா.”

வரப்போரம் நண்டு ஒன்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு எப்போதும் கேலிதான். “எலியம்மாக்களே, சண்டை எதுக்கு? என் வளையில் அறை ஒன்றே ஒன்றுதான். சாமி வந்தால் நான் வெளியே போக வேண்டியதுதான்! அவர் வந்த பாடில்லை, நானும் நிம்மதியாக இருக்கிறேன்!”

சலேத்து விழுந்து விழுந்து சிரித்தாள். ரோசலி கதிரை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஐப்பசி வந்தது. அடைமழை பிடித்தது. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். வெளியே தலை நீட்ட முடியவில்லை.

“பெய்யட்டும்!” என்றாள் சலேத்து. “தை வரைக்கும் நமக்குச் சாப்பாடு இருக்கு! எந்தக் குட்டியும் இந்த வருஷம் பசியால் சாகாது!” எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்று பகலில் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மேல் அறையின் கூரை மெல்லியது அல்லவா? மழைநீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியது. நெல் ஊறியது. ஊறி உப்பியது. மணியோடு மணி நெருக்கிக்கொண்டு இறுகியது. யாரும் மேலே ஏறிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை மணி அடித்தது.

ரோசலி தன் இரண்டு குட்டிகளோடு மேல் அறைக்குப் போய் உட்கார்ந்தாள். மணி ஓய்ந்தது. மூவரும் சும்மா இருந்தார்கள். அப்போது மண்ணுக்கு அடியில் ஒரு சத்தம் கேட்டது. குபுகுபு, குபுகுபு.

ஏரிக்கரை உடைந்துவிட்டது!

ரோசலி தலையால் கூரையை முட்டினாள். இரண்டு விரற்கடை மண், மழையில் நனைந்த மண், பொலபொலவென்று உதிர்ந்தது. குட்டிகளை வெளியே தள்ளினாள். தானும் ஏறினாள். வரப்பில் நின்ற பனைமரத்துக்கு ஓடினார்கள்.

சலேத்தின் வளையிலும் அதே நேரம் செபம் நடந்தது. கூடவே நெல் உரிக்கும் சத்தமும் கேட்டது. கறுக் முறுக், கறுக் முறுக். குபுகுபு யாருக்கும் கேட்கவில்லை. தண்ணீர் காலை நனைத்த பிறகுதான் தெரிந்தது.

“கீழ் வாசலுக்கு ஓடுங்க!” என்று சவரி கத்தினான். கீழ் வாசலில் தண்ணீர். பக்க வாசலுக்கு ஓடினார்கள். அங்கேயும் தண்ணீர்.

“மேலே!” என்றாள் சலேத்து.

மேல் அறையின் வாசலில் நெல் சுவர்போல நின்றது. சவரி பிறாண்டினான். ஊறி இறுகிய நெல். ஒரு பிடி எடுத்தால் இரண்டு பிடி சரிந்து அதே இடத்தில் விழுந்தது. பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது.

மேலே அந்தச் சந்து மட்டும் இருந்தது.

“அமலி, நீ ஏறு!” என்றாள் சலேத்து. “நீ ஒருத்திதான் நுழைவே! போய்க் கூரையை முட்டு! ரெண்டு விரற்கடை மண்ணுதான்!”

“நீங்கள்லாம்?”

“நீ திற, நாங்க பின்னாலேயே வர்றோம். போடி என் கண்ணு, போ!”

அமலி ஏறினாள். சந்துக்குள் ஊர்ந்து போனாள். அவள் முட்டும் சத்தம் கேட்டது. மண் உதிரும் சத்தம் கேட்டது.

ஆனால் தண்ணீர் குவியலுக்கு அடியில் புகுந்துவிட்டது. நெல் முழுவதையும் அப்படியே மேலே தூக்கியது.

“அம்மா, நெல்லு மேலே வருது!”

“முட்டுடி! விடாதே, முட்டு!”

“அம்மா, இடமில்லை...”

பிறகு சத்தமில்லை.

“ஆண்டவரே, வாரும்!” என்று சலேத்து அலறினாள். அவர் வர வேண்டிய வழி முழுக்க நெல் அடைத்திருந்தது.

அலறல் பனைமரம் வரை கேட்டது. ரோசலி தன் குட்டிகளை மட்டைக்கு இடையில் செருகி, “அசையக் கூடாது!” என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள். சலேத்து வீட்டு வரப்பை மேலேயிருந்து தோண்டினாள். இரண்டு விரற்கடைகூட இல்லை. அமலி ஏற்கெனவே பாதி முட்டி வைத்திருந்தாள்.

கூரை திறந்தது. நெல் பொங்கி வெளியே கொட்டியது. நெல்லோடு முதலில் வந்தவள் அமலி. வழி கிடைத்ததும் அவள் அண்ணன்மார் மூவரும் ஏறி வந்தார்கள். சவரி வந்தான். கடைசியாகச் சலேத்து வந்தாள்.

அமலி கண் திறக்கவில்லை. சலேத்து அவளை நக்கினாள். உலுக்கினாள். மூக்கை மூக்கோடு வைத்துப் பார்த்தாள், தினமும் பார்ப்பதுபோல. அவளுக்காகச் சேர்த்த நெல் அவள் உடம்பெல்லாம் ஒட்டியிருந்தது. சலேத்து ஒவ்வொரு மணியாகத் தட்டிவிட்டாள்.

பிறகு ரோசலியின் மேல் சீறினாள். “உன் ஆண்டவர் உன் பிள்ளைகளைக் காப்பாத்தினார்! என் பிள்ளைக்கு மட்டும் ஏன் வரலை? எங்கும் இருக்கிறவர்தானே? சொல்லுடி!”

ரோசலி நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றாள். “எனக்குத் தெரியாது, அக்கா. நான் அவரிடம் எதையும் கேட்கலை. சும்மா உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் வர்ற சத்தம் காதில் விழுந்தது. தலைக்கு மேலே வழி இருந்தது. வந்துட்டோம்.”

சலேத்து சுற்றிலும் பார்த்தாள். வயலில் தண்ணீர், வரப்புக்கு இருபக்கமும் தண்ணீர். அன்று எங்கும் இருந்தது அதுதான். கேலி பேசும் நண்டு பக்கத்தில் ஒரு கட்டையில் மிதந்துகொண்டு வந்தது. அதன் ஒற்றை அறையும் தண்ணீருக்குள் போயிருந்தது.

நாலு நாளில் தண்ணீர் வடிந்தது. கொட்டிய நெல் வரப்பெல்லாம் முளைத்தது. முளைக்காததைக் குருவிகள் தின்றன.

தை மாதம் சலேத்து புது வளை தோண்டினாள். படுக்கும் அறைக்கு முன்னால், நெல் அறைக்கு முன்னால், மேல் அறையைத்தான் முதலில் தோண்டினாள். மாலை மணி அடித்தால் ஐந்து பேரும் ஏறி உட்காருவார்கள். யாரும் எதையும் கொறிப்பதில்லை.

ஒரு நாள் மூத்தவன் கேட்டான். “அம்மா, ஆண்டவர் வந்துட்டாரா?”

சலேத்துக்கு மனப்பாடமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டாள். அறையில் இப்போது இடம் நிறைய இருந்தது. ஆண்டவர் உட்கார இருந்தது. அமலி தலை இடிக்காமல் உட்காரவும் இருந்தது.

பிள்ளைகளுக்காக என்று சொல்லி ஆண்டவரின் இடத்தை அடைக்கிறவர், பிள்ளைகள் தப்பிப் போகும் வழியையும் சேர்த்தே அடைக்கிறார்.