நீலாம்பரி ஓடத் தொடங்கும் இடம்

கிட்ட வந்து உட்காருங்கள். இது குதிரைக் கதை. தள்ளி உட்கார்ந்தால் அதன் மூச்சு கேட்காது.

மலையூர் ஒன்றில் பெர்க்மான்ஸ் என்று, பந்தயக் குதிரை ஓட்டுகிற ஒரு ஜாக்கி. ஒரு சாயங்காலம் லாயத்துக்குள் வந்தவன், தொப்பியைக் கழற்றி வைக்கோல் மேல் வீசினான்.

குதிரைகளைப் பழக்குகிற மெகருன்னிசா அங்கே இருந்தாள். அவனுக்கு ஒத்த வயசுதான். ஆனாலும் அவள்தான் அவனுக்கு குரு.

"மேடம், இன்னைக்கும் தோத்துட்டோம்."

"எப்படித் தோத்தே?"

"எப்பவும் போலத்தான். எல்லாக் குதிரையும் வின்னிங் போஸ்ட்டைத் தாண்டி நின்னுடுச்சு. நம்ம நீலாம்பரி அப்பத்தான் ஓட ஆரம்பிக்கிறா. நிறுத்துறதுக்குள்ள என் தோள்பட்டை கழண்டுபோச்சு."

மெகருன்னிசா சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"இவ அம்மா மூவாயிரம் மீட்டர் ஓடினவ. இப்ப யாரு மூவாயிரம் வைக்கிறாங்க? எங்க பார்த்தாலும் ஆயிரத்து இருநூறு. மூக்கைச் சொறியறதுக்குள்ள முடிஞ்சுடுது. வர்ற ஞாயிறும் தோத்தா, படகுத்துறையில டூரிஸ்ட் சவாரிக்கு இவளை வித்துடுவாராம் முதலாளி."

நீலாம்பரி அவன் சட்டைப்பையை மோந்து பார்த்தது.

"நீ என்ன பண்ணினே?"

"ஆரம்பத்துலேயே சாட்டையால ரெண்டு போட்டேன்."

"ஓடினாளா?"

"கோவிச்சுக்கிட்டா."

"தூங்கி எழுந்திருக்கும்போதே ஒருத்தன் அடிச்சா நீ மட்டும் என்ன, கொஞ்சுவியா?"

"அப்ப ரேஸை நீட்டச் சொல்லுங்க மேடம்."

"நீட்டிட்டாப் போச்சு" என்றாள்.

கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

ஞாயிறு வந்தது. மற்ற லாயங்களில் குதிரைகளை வேனில் ஏற்றினார்கள். இவர்களுக்கும் வேன் வந்து நின்றது. டிரைவரை டீ குடித்துவிட்டு வெறும் வண்டியாகப் போகச் சொல்லிவிட்டாள் மெகருன்னிசா.

"ஏறுய்யா மேல" என்றாள் பெர்க்மான்ஸிடம். தன் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினாள்.

பந்தய மைதானத்துக்கு ஏரியைச் சுற்றிக்கொண்டு போகிற நீளப் பாதை. முதலில் நடை. பிறகு மெல்லோட்டம்.

"மேடம், மத்ததெல்லாம் மகாராணி மாதிரி வேன்ல வருது. இவ போய்ச் சேர்றதுக்குள்ளயே களைச்சிடப் போறா."

"பேசாம வா."

ஏற்றத்தில் நீலாம்பரி பெருமூச்சு விட்டது. மேடு கடந்ததும் கழுத்தில் வேர்வை அரும்பியது. காது இரண்டும் முன்னுக்கு நிமிர்ந்தன. கடிவாளத்தை அது இழுத்தது.

பெர்க்மான்ஸின் கைக்கு அந்த இழுப்பு தெரியும். வின்னிங் போஸ்ட்டைத் தாண்டின பிறகு இழுக்கிற இழுப்பு.

ஸ்கூட்டரில் வருகிறவளைத் திரும்பிப் பார்த்தான்.

மைதானத்தில் மற்ற குதிரைகள் வேனிலிருந்து இறங்கிச் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தன. நீலாம்பரிக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

"இன்னும் எவ்வளவு தூரம் மேடம்?" என்றான் பெர்க்மான்ஸ்.

"ஆயிரத்து இருநூறுதான் பாக்கி."

சொல்லிவிட்டு, அவன் கையிலிருந்த சாட்டையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வின்னிங் போஸ்ட்டை நோக்கி நடந்தாள்.