டர்போ மேல் வைத்த பொட்டு

கோபத்தை அடக்கிக்கொண்டுதான் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள், தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

கோயம்புத்தூரில் திருமூர்த்தி என்று ஒருவன். பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை உயிராய் வைத்திருந்தான். அதன் வேகத்தைக் கூட்ட, வெளிக் கம்பெனி செய்த புது டர்போ ஒன்றை, அதாவது என்ஜின் புகையில் சுழன்று கூடுதல் காற்றை ஊட்டும் கருவியை, ஆசை ஆசையாய் வரவழைத்தான். மாட்டுவதற்குள் அவன் முதுகுத்தண்டு பழுதாகிவிட்டது. இனிமேல் பந்தயம் கூடாது என்றுவிட்டார் டாக்டர்.

ஆயுத பூஜையன்று பெட்டியைத் திறந்தான். டர்போவின் உள்ளே சுழலும் சக்கரம் பளபளவென்று இருந்தது. புகை போகும் பக்கத்து இரும்பில் சந்தனமும் குங்குமமும் வைத்தான். பந்தயத்தில் ஓடினால் அந்த இரும்பு அடுப்புத் தணலாய்ச் சிவந்துவிடும். பிறகு துவாரங்களை மூடியால் அடைத்து, நண்பன் குழந்தைவேலின் ஒர்க்‌ஷாப் பீரோவில் பெட்டியை வைத்தான். சாவி குழந்தைவேலிடம் மட்டும். இருபது வருஷப் பழக்கம், அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

குழந்தைவேலிடமும் அதே மாடல் கார் உண்டு. எப்போதும் கடைசியில் வருகிறவன், மாசி மாதப் பந்தயத்தில் மட்டும் என்னவோ முதலில் வந்தான். இடுப்பு பெல்ட்டோடு போய் நின்று கை வலிக்கக் கைதட்டினான் திருமூர்த்தி, பாவம்.

ஆனியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு டர்போவை விற்றான். வாங்க வந்தது ஈரோட்டு ரியாஸ்.

"செத்துப்போன எங்கப்பா மேல சத்தியம், ஒரு தடவகூட ஓட்டாத சாமான்" என்றான் திருமூர்த்தி. பக்கத்தில் நின்ற குழந்தைவேலும் தலையாட்டினான். பெட்டியைத் திறந்தபோது சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. குங்குமம் சிவப்பாகவே இருந்தது. இரும்பு மட்டும் கொஞ்சம் பழுப்பேறியிருந்தது. சும்மா கிடந்ததால் என்று திருமூர்த்தி நினைத்துக்கொண்டான்.

மறுநாளே ரியாஸ் திரும்பி வந்தான். மூடியைக் கழற்றினால் உள்ளே சக்கரமெல்லாம் கரி. அவன் சத்தம் போடவில்லை.

"நான் மாட்டவே இல்லண்ணா. இந்தப் பொட்டக்கூடத் துடைக்கல" என்றான்.

குழந்தைவேல் நண்பனின் தோளில் கைபோட்டான். ராத்திரியோடு ராத்திரியாக ரியாஸே மாட்டி ஓட்டிவிட்டு நம் தலையில் கட்டப் பார்க்கிறான் என்றான். பெட்டியைத் தான் தொட்டதே இல்லை என்றும் சொன்னான்.

திருமூர்த்தி பொட்டைப் பார்த்தான். நேற்றுப் பார்த்த அதே வெடிப்பு, அதே சிவப்பு. தோளில் இருந்த கையை மெதுவாக எடுத்துவிட்டான்.

சொல்லுங்கள்: மூவரில் பொய் சொன்னது யார்? திருமூர்த்திக்கு அது எப்படித் தெரிந்தது?

விடை: பொய் சொன்னது குழந்தைவேல்தான். நேற்று ரியாஸ் ஓட்டியிருந்தால் பொட்டு கருகியிருக்கும். புதிதாக வைத்திருந்தால் சந்தனம் இப்படிக் காய்ந்து வெடித்திருக்காது. சக்கரத்தில் கரி இருக்கிறது, பொட்டோ கலையவில்லை. அப்படியென்றால் ஓட்டி முடித்த பிறகு, பல நாள் முன்பே வைத்த பொட்டு அது. குழந்தைவேல் அதைத் தன் காரில் மாட்டி மாசிப் பந்தயத்தில் ஓட்டியபோதே திருமூர்த்தி வைத்த பொட்டு எரிந்துவிட்டது. அதே இடத்தில் மறுபடி வைக்கச் சாவி இருந்தவனால் மட்டுமே முடியும். திருமூர்த்தி ரியாஸிடம் மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். குழந்தைவேலிடம் இவ்வளவுதான் சொன்னான்: "கேட்டிருந்தா நானே மாட்டிக் குடுத்திருப்பேன்டா. எங்கப்பா மேல பொய்ச் சத்தியம் பண்ண வெச்சிட்டியே."